நட்பினை அட்டவணைப்படுத்தல்

நட்பென்பது இருவர் உள்ளம் ஒன்றுபடுதலால் விளைவது. அதன் இயல்பினை ஆராயப் புகுந்த திருவள்ளுவர், நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வகுத்தனர். உள்ளத்தோடு இயைந்த இந்நுண்பொருளை நிரையும் நிரலுமாகக் கோடிட்ட அட்டவணையுள் அடக்குதல் இயலுமோ என ஒருவர் ஐயுறலாம். எனினும், இற்றை நாளிற் கோடிக்கணக்கான மக்களின் நட்பு கணினியினுள்ளே அட்டவணைகளாகவே எழுதப்பட்டுக் கிடக்கின்றது. கைத்தொலைபேசியைத் திறந்து நண்பர் வரிசையை நோக்குந்தோறும் நாம் அவ்வட்டவணை ஒன்றினிடத்து வினாவெழுப்புகின்றோம். அது நொடிப்பொழுதில் விடையிறுக்கின்றது.

அவ்வட்டவணையை யாரோ ஒருவர் வகுத்தமைத்துள்ளார். அவர் செவ்வனே வகுத்திருப்பின் அதன் இருப்பையே நாம் உணர்வதில்லை. பிழைபட வகுத்திருப்பின், நாம் நண்பரெனக் கருதும் ஒருவர் ஏட்டில் நாம் இல்லாதொழிவோம். நாம் அஞ்சி விலக்கிய ஒருவர் மீண்டும் மீண்டும் நம் கண்முன் தோன்றுவர். ஆதலின் அவ்வமைப்பு முறையினையும், அதனை வினவி விடைபெறும் முறையினையும் ஈண்டு விளக்க முயல்வாம். கணினி நூல் பயிலாதாரும் தொடைக் கணிதத்தின் தொடக்கப் பாடத்தை அறிந்தாராயின் இதனை எளிதிற் பின்பற்றலாம்.

தொடர்பு என்னும் கருத்து

1960 களின் பிற்பகுதியிற் கணினியிற் சேமிக்கப்பட்ட தரவுகள் பெரும்பாலும் கிளைவிட்ட மரம் போன்றோ, ஒன்றோடொன்று கயிற்றாற் பிணித்த வலை போன்றோ அமைந்திருந்தன. ஒரு செய்தியைப் பெற வேண்டின், எந்தக் கிளைவழி இறங்கி எந்தக் கயிற்றைப் பற்றிச் செல்லவேண்டும் என்பதை நிரல் எழுதுவோர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அமைப்புச் சிறிது மாறினும் அவர் எழுதிய நிரல்கள் பயனற்றுப் போகும்.

இவ்விடர்ப்பாட்டினை நீக்கும் வழியைக் காட்டியவர் எட்கர் கொட் என்னும் அறிஞராவர். இவர் 1923 இல் இங்கிலாந்தின் போட்லண்டிற் பிறந்து, ஒக்ஸ்போட்டிற் கணிதம் பயின்று, இரண்டாம் உலகப் போரில் வான்படையிற் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் சேர்ந்தவர். 1970 இல் இவர் வெளியிட்ட சிறு கட்டுரையொன்று கணினித் துறையின் போக்கையே மாற்றியது. அக்கட்டுரையின் உட்கோள் எளியதே. தரவுகள் யாவும் அட்டவணைகளாக இருக்கட்டும். ஒவ்வோர் அட்டவணையும் கணிதத்திற் கூறப்படும் ஒரு தொடர்பாக இருக்கட்டும். எதனை வேண்டுகின்றோம் என்பதை மட்டும் நாம் கூற, எவ்வழியாற் பெறுவது என்பதைக் கணினியே முடிவு செய்யட்டும் என்பதாம். இதற்காக அவர் 1981 இல் டூரிங் பரிசினைப் பெற்றார். அட்டவணைகளை வினவுதற்குரிய மொழியை அதே நிறுவனத்தினரான டொனால்ட் சேம்பர்லினும் றேமண்ட் பொய்சும் 1974 இல் வெளியிட்டனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர் பெற்று, 1986 இல் அமெரிக்க நியம நிறுவனத்தால் நியமமாக ஏற்கப்பட்டது.

கணிதத்தில் தொடர்பு என்பது யாது? ஒரு தொடையின் உறுப்புக்களைச் சோடி சோடியாக எடுத்து, அவற்றுட் குறித்த ஒரு நிபந்தனைக்கு இயைந்த சோடிகளை மட்டும் திரட்டிய தொகுதியே தொடர்பாகும். 'தந்தையாதல்' ஒரு தொடர்பு. 'நண்பராதல்' மற்றொரு தொடர்பு. நட்பு என்னும் தொடர்புக்கு மூன்று இயல்புகள் உள. முதலாவது, அது சமச்சீரானது: அவர் இவர்க்கு நண்பராயின் இவரும் அவர்க்கு நண்பர். இரண்டாவது, அது தன்னைத்தான் தழுவாதது: எவரும் தமக்குத் தாமே நண்பராகப் பதியப்படுவதில்லை. மூன்றாவது, அது கடந்து செல்லாதது: நண்பரின் நண்பர் நமக்கு நண்பராகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதியில்லை. இம்மூன்றினையும் உளத்திற் கொண்டோர்க்கு அட்டவணை வகுத்தல் அரிதன்று. இவற்றுள் ஒன்றனை மறந்தார் செய்த அட்டவணையோ என்றேனும் ஒரு நாட் பிழை காட்டும்.

பிழைபட்ட மூவழிகள்

உதாரணத்தின் பொருட்டுச் சங்கச் சான்றோரையே உறுப்பினராகக் கொள்வாம். உறுப்பினர் அட்டவணையில் ஒருவர்க்கு ஒரு நிரை. ஒவ்வொரு நிரையிலும் ஓர் இலக்கமும் ஒரு பெயரும் உள. 1 கோப்பெருஞ்சோழன், 2 பிசிராந்தையார், 3 பொத்தியார், 4 கபிலர், 5 பாரி, 6 ஔவையார், 7 அதியமான். பெயரே இருக்க இலக்கம் எற்றுக்கு எனின், ஒரே பெயர் பலர்க்கு வாய்த்தல் உண்டு; ஒருவரே தம் பெயரை மாற்றிக்கொள்ளுதலும் உண்டு. இலக்கமோ மாறாது, பிறர்க்கு வழங்கப்படவும் மாட்டாது. இதனை முதன்மைச் சாவி என்பர்.

இனி, நட்பினை எங்கே எழுதுவது? இத்துறையிற் புதிதாகப் புகுவோர் பெரும்பாலும் உறுப்பினர் அட்டவணையிலேயே 'நண்பர்' என்னும் நிரலொன்றைச் சேர்த்து, கோப்பெருஞ்சோழனுக்கு நேரே '2, 3' என எழுதிவிடுவர். மனிதர் கண்ணுக்கு இது தெளிவே. ஆயின் கணினிக்கு அது '2, 3' என்னும் ஒரே எழுத்துத் தொடர். 'மூன்றாம் இலக்கத்தவரை நண்பராக உடையார் யாவர்?' என வினவின், கணினி ஒவ்வொரு நிரையின் எழுத்துத் தொடரையும் பிளந்து பார்த்தல் வேண்டும். 3 எனத் தேடுங்கால் 13, 30, 35 என்பனவும் சிக்கிக்கொள்ளும். இல்லாத ஒருவரின் இலக்கத்தை எழுதினும் தடுப்பாரிலர். ஒரு கட்டத்தில் ஒரு பெறுமானமே இருத்தல் வேண்டும் என்று கொட் வகுத்த முதல் விதி இதனாலேயே எழுந்தது.

வேறு சிலர், 'நண்பர் ஒன்று', 'நண்பர் இரண்டு', 'நண்பர் மூன்று' என நிரல்களை வரிசையாக அடுக்குவர். நான்காம் நண்பர் வந்த அன்று அட்டவணையையே உடைத்துக் கட்டல் வேண்டும். நண்பரில்லாதார்க்கோ அக்கட்டங்கள் யாவும் வெறுமையாகக் கிடக்கும்.

பின்னும் சிலர், எல்லாரையும் மேலே ஒரு முறையும் பக்கத்தே ஒரு முறையும் எழுதிச் சதுரம் வரைந்து, நட்புள்ளவிடத்து ஒன்றும் இல்லாவிடத்துப் பூச்சியமும் இடுவர். இது கணிதர் கண்ட நல்வழியேயாயினும் பெருந்தொகைக்குப் பொருந்தாது. ஐந்நூறு மாணவரிடையே உண்டாகக்கூடிய சோடிகள் 1,24,750. உலகளாவிய தொகையை எண்ணிப் பார்க்க. 2011 மே மாதத்திற் பேஸ்புக் தளத்தில் ஏறத்தாழ 72 கோடியே 10 இலட்சம் பேர் இயங்கினர் என்றும், அவரிடையே ஏறத்தாழ 6,900 கோடி நட்புக்கள் இருந்தன என்றும் அந்நிறுவனத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் கூடிச் செய்த ஆய்வு தெரிவித்தது. அத்துணைப் பேரிடையே உண்டாகக்கூடிய சோடிகளோ ஏறத்தாழ 2,600 கோடி கோடி. அஃதாவது முப்பத்தெட்டு இலட்சம் கட்டங்களில் ஒன்றிலேதான் நட்பு இருக்கும். எஞ்சியவை யாவும் பூச்சியமே. மனித நட்பு அத்துணை அரிது. அரியதைப் பதிய வேண்டுமாயின் உள்ளதை மட்டும் எழுதுவதே முறை.

செவ்விய அமைப்பு

ஆதலின் நட்பிற்கெனத் தனியட்டவணை ஒன்று வேண்டும். அதில் ஒரு நட்பு ஒரு நிரையாகும். இரு நிரல்களில் இருவர் இலக்கங்கள் இருக்கும். நமது உதாரணத்தில் (1, 2), (1, 3), (4, 5), (6, 7) என நான்கே நிரைகள். இவ்விலக்கங்கள் உறுப்பினர் அட்டவணையிலுள்ள இலக்கங்களாகவே இருத்தல் வேண்டும் என விதித்துவிடலாம். அவ்விதியை அந்நியச் சாவி என்பர். அதன்பின் இல்லாத எட்டாமவரோடு நட்புக்கொள்ள எவராலும் இயலாது.

இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. நட்புச் சமச்சீரானது என்றோம். (1, 2) என்பதும் (2, 1) என்பதும் ஒரே நட்பே. ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு நிரைகள். இரண்டனுள் எதனை எழுதுவது? விடை இரண்டு உள.

முதல் வழி, சிறிய இலக்கத்தை எப்பொழுதும் முன்னே வைத்து ஒரு முறை மட்டும் எழுதுதல். 'முதலெண் இரண்டாமெண்ணினும் சிறிதாதல் வேண்டும்' என அட்டவணைக்கு விதியொன்றை இட்டு, இரு நிரல்களையும் சேர்த்து முதன்மைச் சாவியாக்கின், ஒரு விதியே இரு பணி செய்யும்: (2, 1) என எழுதுவாரைத் தடுக்கும், (2, 2) எனத் தம்மைத் தாமே நண்பராக்குவாரையும் தடுக்கும். ஒவ்வொரு நிரைக்கும் தனித் தொடரெண் ஒன்றைக் கொடுத்து அதனையே முதன்மைச் சாவியாகக் கொள்வாரும் உளர். அவர், சோடி இருமுறை வாராது என்னும் விதியை வேறாக இடாராயின், ஒரே நட்பு ஐந்து முறை பதியப்படினும் அட்டவணை வாய் திறவாது. ஈண்டு ஓர் எச்சரிக்கை. பெரிதும் வழங்கும் மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள், 8.0.16 ஆம் பதிப்பு 2019 இல் வெளிவரும் வரையில், இத்தகைய ஒப்பீட்டு விதிகளை எழுத அனுமதித்ததேயன்றி நடைமுறைப்படுத்தவில்லை. விதி எழுதப்பட்டிருந்தது, காவல் இருக்கவில்லை. தாம் இட்ட விதி காக்கப்படுகின்றதா என்பதைப் பிழையான நிரையொன்றை இட்டுப் பார்த்தே தெளிதல் வேண்டும்.

இரண்டாம் வழி, ஒவ்வொரு நட்பினையும் இருமுறை எழுதுதல். (1, 2) என்றும் (2, 1) என்றும் இரு நிரைகள். நமது நான்கு நட்புக்களும் எட்டு நிரைகளாகும். இடம் இருமடங்கு செலவாகும்; ஆனால் வினவுதல் எளிதாகும். இதன் இடர், இரண்டனுள் ஒன்று எழுதப்பட்டு மற்றது எழுதப்படாது நின்றுவிடக்கூடும் என்பதே. மின்தடையோ பிறிதொரு தடையோ இடையே நேரின், ஒருவர் ஏட்டில் நட்பும் மற்றவர் ஏட்டில் அயன்மையும் நிலவும். இதனைத் தவிர்க்க, இரு நிரைகளையும் பிரிக்கவொண்ணாத ஒரே வினைத்தொகுதியாக எழுதுதல் வேண்டும்: இரண்டும் நிகழ்க, அன்றேல் இரண்டும் நிகழாதொழிக என்பதே அதன் ஆணை. இவ்வினைத்தொகுதிக் கொள்கையை வளர்த்தமைக்காகவே ஜிம் கிறே என்பார் 1998 ஆம் ஆண்டின் டூரிங் பரிசினைப் பெற்றார்.

ஒரு கல்லூரியின் பழைய மாணவர் ஏட்டிற்கு முதல் வழி சாலும். பெருந்தளங்கள் இரண்டாம் வழியினையே மேற்கொள்கின்றன. பேஸ்புக் நிறுவனத்துப் பொறியியலாளர் 2013 இல் வெளியிட்ட கட்டுரையில், தம் சேமிப்பு முறை நட்பினையும் அதன் மறுதலையினையும் இரண்டாக எழுதுவதையும், அவை வெவ்வேறு கணினிகளில் இருத்தல் கூடுமாதலின் இரண்டும் ஒருங்கே நிகழும் என்னும் உறுதியைத் தாம் தரவில்லை என்பதையும், பாதியில் நின்ற தொடர்புகளைப் பின்னர்த் தேடிச் செப்பஞ்செய்ய வேறொரு பணி இயங்குவதையும் வெளிப்படையாகக் கூறினர். பாதி நட்பு என்பது கற்பனையன்று. செப்பனிடப்பட வேண்டிய மெய்யான பழுதேயாம்.

வேண்டுதலும் ஏற்றலும்

நட்பு உடனே தோன்றுவதன்று; ஒருவர் வேண்ட மற்றவர் ஏற்றல் வேண்டும். ஆதலின் நட்பட்டவணையில் மேலும் மூன்று நிரல்கள் வேண்டற்பாலன: வேண்டியவர் யார், நிலை யாது, எந்நாள் என்பன. நட்புச் சமச்சீரானதாயினும் வேண்டுகோள் சமச்சீரானதன்று. சிறிய எண்ணை முன்வைக்கும் முறையில், வேண்டியவர் யாரென்பது சோடியின் ஒழுங்கிலிருந்து விளங்காது. ஆதலின் அதனைத் தனியே எழுதுதல் இன்றியமையாதது.

புறநானூற்று வரலாறு இதற்கு ஏற்ற விளக்கமாகும். உறையூர்ச் சோழனும் பாண்டிநாட்டுப் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் கண்டதிலர். வடக்கிருக்கத் துணிந்த சோழன், ஆந்தையார் வருவார் எனத் துணிந்து கூறி, அவர்க்கு இடமொழிக்கச் செய்தான். அவரும் வந்து சேர்ந்தார். அட்டவணை மொழியிற் கூறின், (1, 2) என்னும் நிரை, வேண்டியவர் 1, நிலை 'வேண்டப்பட்டது' எனத் திறந்து கிடந்து, அவர் வந்த நாளில் 'ஏற்கப்பட்டது' என மாறியது என்க.

இருவரும் ஒரே கணத்தில் ஒருவரையொருவர் வேண்டின் யாதாகும்? இருவர் நிரல்களும் அட்டவணையை நோக்கி, நிரை இல்லையெனக் கண்டு, ஒவ்வொன்று எழுத முற்படும். சோடியே முதன்மைச் சாவியாயின் இரண்டாவதாக வருவது மறுக்கப்படும். அம்மறுப்பினை 'இருவரும் விரும்பினர்' எனக் கொண்டு நட்பினை ஏற்கப்பட்டதாக்கிவிடலாம். 'முதலிற் பார்த்துப் பின்னர் எழுதுவோம்' என்று மட்டும் நம்பியிருப்போர் இதிற் சறுக்குவர். பார்த்தலுக்கும் எழுதுதலுக்கும் இடைப்பட்ட கணத்தில் உலகம் மாறிவிடக்கூடும்.

வினவும் முறை

அட்டவணை அமைந்தது; இனி வினவுவாம். கீழ்வரும் வினாக்கள் யாவற்றிலும் 'ஏற்கப்பட்ட' நிரைகளை மட்டுமே கொள்ளவேண்டும் என்பது பொதுவிதி.

'ஒன்றாம் இலக்கத்தவரின் நண்பர் யாவர்?' என்பது முதல் வினா. ஒருமுறை எழுதும் முறையில், முதனிரலில் 1 உள்ள நிரைகளிலிருந்து இரண்டாம் நிரலையும், இரண்டாம் நிரலில் 1 உள்ள நிரைகளிலிருந்து முதனிரலையும் எடுத்து, அவ்விரு தொடைகளின் ஒன்றிப்பைக் காணல் வேண்டும். விடை 2, 3. பிற்பாதியை மறந்தோர், பிசிராந்தையாரின் நண்பரை வினவும்போது வெறுந்தொடையே பெறுவர்; சோழனை வினவும்போது மட்டும் சரியான விடை கிடைக்குமாதலின், பிழை நெடுநாள் மறைந்தே இருக்கும். இருமுறை எழுதும் முறையிலோ முதனிரலில் 1 உள்ள நிரைகளை மட்டும் எடுத்தாற் போதும். வந்த இலக்கங்களை உறுப்பினர் அட்டவணையோடு இணைத்துப் பெயர்களைப் பெறலாம். இனிவரும் வினாக்களை இருமுறை எழுதிய அட்டவணையைக் கொண்டே விளக்குவாம்.

'பிசிராந்தையார்க்கும் பொத்தியார்க்கும் பொதுவான நண்பர் யாவர்?' என்பது இரண்டாவது. இங்கே ஒரே அட்டவணையை இரு படிகளாகக் கற்பித்துக் கொள்ளல் வேண்டும். முதற்படியில் 2 இன் நிரைகளையும், இரண்டாம் படியில் 3 இன் நிரைகளையும் எடுத்து, நண்பர் நிரல் இரண்டிலும் ஒத்திருக்கும் இடங்களை நோக்குக. அதுவே இரு தொடைகளின் இடைவெட்டு. விடை 1, கோப்பெருஞ்சோழன். அட்டவணை தன்னோடு தானே இணைதலாகிய இந்நுட்பத்தை விளங்கிக்கொண்டவர் இத்துறையின் பாதியைக் கடந்தவராவர்.

'பிசிராந்தையார்க்கு அறிமுகஞ்செய்யத் தக்கவர் யாவர்?' என்பது மூன்றாவது. அஃதாவது நண்பரின் நண்பரைக் காணல். முதற்படியின் நண்பர் நிரலும் இரண்டாம் படியின் முதனிரலும் ஒத்திருக்குமாறு இணைக்க. 2 இலிருந்து 1 இற்கும், 1 இலிருந்து 2, 3 என்பவற்றிற்கும் செல்வோம். விடையில் பிசிராந்தையாரே வந்து நிற்றலைக் காண்க. தம் நண்பரின் நண்பருள் தாமும் ஒருவரன்றோ! ஆதலின் தம்மையும், முன்னரே நண்பராயினாரையும் நீக்குதல் வேண்டும். எஞ்சியவர் பொத்தியார். பிசிராந்தையாரின் வரவைக் கண்டு வியந்து பாடிய புலவரும் அவரே என்பது புறநானூறு கற்றார் அறிந்தது. ஒருவரிடத்துச் செல்லும் வழிகள் பல உளவாயின், வழிகளின் தொகையை எண்ணி மிகுந்தவரை முதலில் வைக்கலாம்.

நண்பரின் நண்பரின் நண்பர் என எத்துணைத் தொலைவும் செல்ல வேண்டின், இணைப்புக்களை எண்ணி எழுதுதல் ஆகாது. தன் விடையையே மீண்டும் வினாவாகக் கொள்ளும் மீளழைப்பு வினவல், 1999 ஆம் ஆண்டு நியமத்தில் எஸ்.கியூ.எல். மொழியுட் சேர்க்கப்பட்டது. ஆயின் நட்பு வட்டமாய்ச் சுழல்வது. சென்ற இடங்களைக் குறித்துக்கொள்ளாமலோ படிகளுக்கு எல்லை விதிக்காமலோ விடின் கணினி முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருக்கும். நமது உதாரணத்தில் 2 இலிருந்து புறப்பட்டோர் 1, 3 என்போரை மட்டுமே அடைவர்; கபிலரையும் ஔவையாரையும் அடையார். உலகத் தொகையில் அங்ஙனமன்று. முற்கூறிய 2011 ஆம் ஆண்டு ஆய்வு, எவரேனும் இருவர்க்கு இடைப்பட்ட நட்புப் படிகளின் சராசரி 4.74 எனக் கண்டது. ஒரு படி கூடுந்தோறும் விடை பன்மடங்கு பெருகுதலின், மூன்று படிக்கு மேல் வினவுவோர் அட்டவணை முழுவதையுமே இழுத்து வருவர்.

விரைவின் மறைபொருள்

பல கோடி நிரைகளிலிருந்து ஒருவரின் நிரைகளைக் கணினி எங்ஙனம் கணத்திற் காண்கின்றது? அகராதியில் நாம் சொற்காணும் முறையை ஒத்ததே அதுவும். சாவியின் ஒழுங்கில் அமைந்த சுட்டியொன்று அட்டவணையோடு பேணப்படுகின்றது. இதற்குரிய சமநிலை மரத்தை றூடொல்ப் பேயர், எட்வேட் மக்கிறைற் என்போர் வகுத்து 1972 இல் அச்சிட்டனர். அம்மரத்தின் ஒரு கணு இருநூறு கிளை விடுமெனக் கொள்வாம். மூன்று படியில் 80 இலட்சம் பதிவுகளும், நான்கு படியில் 160 கோடிப் பதிவுகளும் எட்டத்தக்கன. நூற்றறுபது கோடியுள் ஒன்றைக் காண நான்கே பக்கங்களைப் புரட்டினாற் போதும்.

ஆயின் அகராதி முதலெழுத்தால் அமைந்தது. ஈற்றெழுத்தாற் சொற்றேடுவார்க்கு அது துணை செய்யாது. அங்ஙனமே (சிறியவர், பெரியவர்) என அமைந்த சுட்டி, பெரியவரைக் கொண்டு தேடுங்காற் பயன்படாது. ஆதலின் ஒருமுறை எழுதும் முறையை மேற்கொண்டோர் (பெரியவர், சிறியவர்) என மற்றுமொரு சுட்டியையும் அமைத்தல் வேண்டும். சிற்றளவிற் சோதிக்கும்போது இக்குறை புலப்படாது; ஏடு பெருத்த நாளிலேயே அது வெளிப்படும்.

எண்ணித் தெளியத்தக்க ஒரு புதுமை

அட்டவணையைக் கொண்டு நாம் முன்னர் நினையாத உண்மைகளையும் அறியலாம். 'என்னினும் என் நண்பர்க்கு நண்பர் மிகுதி' என வருந்துவோர் பலர். அது பெரும்பாலும் மெய்யே என்பதை ஸ்கொட் பெல்ட் என்னும் சமூகவியலார் 1991 இல் விளக்கினர். நமது அட்டவணையிற் சோழன், ஆந்தையார், பொத்தியார் மூவரையும் மட்டும் நோக்குக. நண்பர் தொகை முறையே 2, 1, 1, சராசரி 1.33. இனி ஒவ்வொருவரும் தம் நண்பரின் நண்பர் தொகையைக் கூறட்டும். சோழன் 1, 1 என்பன். மற்றையோர் ஒவ்வொருவரும் 2 என்பர். மொத்தம் 6, கூறிய முறை 4, சராசரி 1.5. நண்பர் மிகுதியாக உடையவர் பலருடைய ஏட்டிற் பன்முறை எண்ணப்படுதலே இதற்குக் காரணம். ஆதலின் இதனைத் தம் குறையெனக் கொண்டு மாணவர் உளந்தளரற்க. அது எண்ணுமுறையின் இயல்பேயன்றி ஒருவரின் தகுதியின்மையன்று.

விலக்குதல்

இறுதியாக, யாவற்றினும் கருத்தூன்றத் தக்கதொன்றைக் கூறுவாம். நட்பினை நீக்குதல் எளிது: நிரையை அழித்தாற் போதும். ஆயின் ஒருவர் மற்றொருவராற் பெருந்தொல்லையுற்று, 'இவர் என்னைக் காணாதிருக்க; யானும் இவரைக் காணாதிருக்க' என விலக்கும்போது, நிரையை அழித்தல் மட்டும் போதாது. அழிக்கப்பட்ட நிரைக்கும் என்றும் இல்லாதிருந்த நிரைக்கும் அட்டவணை வேற்றுமை அறியாது. மேற்கூறிய மூன்றாம் வினா, பொது நண்பரின் வழியே அத்தொல்லை தந்தவரையே 'அறிமுகஞ்செய்யத் தக்கவர்' என மீண்டும் முன்னிறுத்தும்; அவரிடத்து இவரையும் முன்னிறுத்தும். கணினிக்கு அது பிழையன்று. விலக்கியவர்க்கோ அது அச்சம்.

ஆதலின் விலக்குதற்குத் தனியட்டவணை வேண்டும்: விலக்கியவர், விலக்கப்பட்டவர், நாள் என்னும் நிரல்களுடன். இத்தொடர்பு சமச்சீரானதன்று, விலக்கியவரே அதனை நீக்கவல்லார். ஆனால் அதன் விளைவு இருபாலும் செல்லல் வேண்டும். ஆதலின் பிறரைக் காட்டும் ஒவ்வொரு வினாவும், இருவருள் எவர் விலக்கியிருப்பினும் அச்சோடியை நீக்குதல் வேண்டும். பத்து வினாக்களில் ஒன்றிலே இந்நிபந்தனை விடுபட்டாலும் காவல் சிதைந்தது. இந்நிபந்தனையை ஒவ்வொரு வினாவிலும் நினைந்து எழுதுவதினும், நிபந்தனை பொருந்திய நிரைகளை மட்டுமே காட்டும் நிலையான பார்வையொன்றை அமைத்து, நிரல்கள் யாவும் அதன் வழியாகவே வினவுமாறு செய்தல் சாலச் சிறந்தது. மறதி மனிதர்க்கு இயல்பு. மறதிக்கு இடமளியாத அமைப்பே அறிவுடைமை.

முடிவுரை

அட்டவணை நட்பினை அறியாது. இருவர் இசைந்தனர் என்னும் செய்தியை மட்டும் அறியும். ஒருவரையொருவர் காணாதே ஒன்றிய சோழனையும் ஆந்தையாரையும், ஒரு நாட் சந்தித்து மறந்த இருவரையும் அது ஒரே வகை நிரையாகவே எழுதும். ஆராய்ந்து நட்டலும், நட்டபின் பழைமை பாராட்டலும், கூடா நட்பினை ஒதுக்கலும் அதற்கு இயல்வன அல்ல, அவை நமக்குரியன. எனினும், அது அறிந்த அச்சிறு செய்தியைப் பிழையின்றிக் காத்தல் அதனை வகுப்போரின் கடன். சமச்சீரை மறவாமை, ஒன்றை இருமுறை எழுதாமை, எழுதினால் இரண்டையும் ஒருங்கே எழுதுதல், விலக்கியவரின் சொல்லுக்கு மதிப்பளித்தல் ஆகிய இவை கணித விதிகளாகத் தோன்றினும், அவற்றின் உள்ளுறை பிற மாந்தர்பாற் கொண்ட மதிப்பேயாகும்.

கணினி பயிலும் மாணவர், விசைப்பலகையைத் தொடுமுன் தாளும் எழுதுகோலும் எடுத்து, தம் வகுப்பில் எழுவர் பெயரையாவது எழுதி, நட்பு நிரைகளை வரைந்து, மேற்கண்ட வினாக்களைக் கையால் ஒருமுறை செய்து பார்ப்பாராக. ஏழு பேரிடத்துப் பிழைபடாத அமைப்பே எழுபது கோடிப் பேரிடத்தும் நிலைபெற வல்லது.